அவர் மூக்கு, அவள் காது

“ஆளா?”

“காத்து.”

அந்தச் சலவைக் கடையின் பின்னறையில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நடக்கிற பேச்சு இது. கேட்பவர் கடைக்காரர். துணி மாட்டும் கம்பிக்கும் அலமாரிக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த துணியைப் பிரித்து, டோக்கன் குத்தி, வெளுத்ததை மடித்து அடுக்குகிறவர். பதில் சொல்பவள் அவர் மனைவி. இஸ்திரி மேசை அவளுடையது. மேசைக்கு நேரே திரையில் ஒரு சாண் இடைவெளி உண்டு. அதன் வழியே முன்பக்கக் கவுன்டரும், வாடிக்கைக்காரர்கள் கையால் தட்டிக் கூப்பிடுகிற பித்தளை மணியும் அவளுக்குத் தெரியும். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் தொங்குகிற சட்டைகள்தான் தெரியும். முழங்கால் வலிக்காரர் ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்த்து வர முடியுமா? அதனால் கேட்பார். நிஜமாகவே யாராவது நின்றால் அவள் “ஆளு” என்பாள். யாரும் இல்லையென்றால் “காத்து”.

இன்னொரு பேச்சும் உண்டு.

“கருகலா?”

இது அவள் கேட்பது. அவர் முகத்தைத் தூக்கி இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்.

“காத்து.”

புதிதாகத் துணி போட வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, உள்ளே ஏதோ ஜன்னல் தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள். முப்பத்தோரு வருஷமாகக் கீழே கடை, மேலே வீடு. இந்தப் பேச்சு மட்டும் ஒரு வருஷமாகத்தான்.

அவளுக்கு மூக்கு போனது ஒரே வாரத்தில். காய்ச்சல் வந்தது, கூடவே சளி. காய்ச்சல் போனது, சளி போனது, போகிற போக்கில் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு இல்லை, காபி இல்லை, மழை இல்லை, அவருடைய வியர்வையும் இல்லை. “அது ஒண்ணுதான் இதுல நல்ல சேதி” என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னாள். நாலு மாதம் இப்படி வெறுமையாகப் போயிற்று. பிறகு ஒரு காலையில், பளிச்சென்று கருகல் வாசனை. பருத்தித் துணி தீய்கிற அதே வாசனை. பதறி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. மாடிக்கு ஓடினாள். அடுப்பு அணைந்து கிடந்தது.

அவருக்குக் காது போனது அப்படி இல்லை, தவணை முறையில். முதலில் குருவிச் சத்தம் போயிற்று, அப்புறம் போனில் பேசுகிற பெண்களின் குரல், அப்புறம் கவுன்டர் மணியில் பாதி. கனத்த சத்தமெல்லாம் கேட்கும்; மெல்லிய, கீச்சுச் சத்தங்கள்தான் நழுவிவிடும். “நீ என்னைக்கு மெல்லமாப் பேசியிருக்க, எனக்கு நஷ்டம் வர?” என்பார். இப்படி இருக்கும்போதுதான், யாரும் தட்டாமலே மணி அடிக்க ஆரம்பித்தது.

ஒரு மாதம் இருவரும் இதை ஒருவருக்கொருவர் மறைத்தார்கள்.

“எதுக்கு சும்மா சும்மா முன்னாடி போயிட்டு வர்றீங்க?”

“வெயில் எப்படி இருக்குன்னு பாத்தேன். நீ எதுக்குப் பெட்டியத் தூக்கித் தூக்கிப் பாக்கிற?”

“கை வலி.”

அவள் ஒரு சட்டையை முடித்தாள், அவர் ஒன்றை மடித்தார். பிறகு ஒரே நேரத்தில் இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். “மணி அடிக்குது” என்றார் அவர். “கருகுது” என்றாள் அவள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு வசதி, காதுக்கும் மூக்குக்கும் ஒரே டாக்டர். டாக்டரம்மா இருவரையும் பரிசோதித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

“ரெண்டு பேருக்கும் பைத்தியம் இல்ல. இத மொதல்ல சொல்லிடறேன். எல்லாரும் அதக் கேக்கத்தான் வர்றாங்க, கேக்காமலே போயிடறாங்க.”

“அப்ப மணிய அடிக்கிறது யாரு?” என்றார் அவர்.

“உங்க மூளைதான். இத்தன வருஷமா காதுலேர்ந்து அதுக்குச் சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. இப்ப பாதி வரல. அது சும்மா இருக்குமா? ரேடியோல சத்தத்தக் கூட்டி வெச்சுக்கிட்டு உக்காந்த மாதிரி காத்திருக்கும். அப்பவும் ஒண்ணும் வரலைன்னா, தனக்குத் தெரிஞ்சதத் தானே போட்டுக்கும். தபாலே வராத ஆபீஸ்ல குமாஸ்தா தனக்குத்தானே லெட்டர் எழுதி, தானே பிரிச்சுப் படிக்கிற மாதிரி.”

“எனக்கு மட்டும் ஏன் கருகல்? நல்ல சென்ட் வாசனையா வரக்கூடாதா?” என்றாள் அவள்.

“நிறைய பேருக்குக் கருகலும் புகையும்தான் வருது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. முப்பது வருஷமா எதுக்குப் பயந்தீங்களோ அதுவா இருக்கலாம்.”

“அப்ப இவருக்கு மணி?”

“எதுக்குக் காத்திருந்தாரோ அது.”

“நான் எங்க டாக்டர் காத்திருந்தேன்? யாரும் வந்துடக் கூடாதேன்னுதான் உக்காந்திருந்தேன்” என்றார் அவர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு வைத்தியத்தைச் சொன்னாள். காதுக்கு மெஷின் வைக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள். மூக்குக்கு இப்போதைக்குப் பொறுமைதான். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். “உங்க மூக்குக்கு அவரு, அவரு காதுக்கு நீங்க. இது போதும். எப்ப வருது, எத்தன தடவன்னு ஒரு நோட்டுல குறிச்சுக்கங்க. பொதுவா அமைதியா இருக்கறப்ப வரும், அலுப்பா இருக்கறப்ப வரும். அதுக்குக் கடிகாரமெல்லாம் கிடையாது.”

அன்றிலிருந்து ஆளு, கருகல், காத்து. பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டதும் அவர் மோந்து பார்ப்பார்; அவர் கேட்டதும் அவள் எட்டிப் பார்ப்பாள். சொன்ன சொல்லை இருவரும் மறுபடி சரிபார்த்ததில்லை.

இதற்கு நடுவில்தான் ஜோக்கர் வந்து சேர்ந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இரண்டு மாதத்துக்கு முன் எதிர்த் தெருவுக்குக் குடிவந்தவர். எந்த ஆட்டத்திலும் ஜோக்கர் சீட்டு தன் கையில்தான் இருக்கிறது என்று சாதிப்பார், அதனால் அந்தப் பெயர். தினமும் நாலு மணிக்கு வந்து, ஹார்ன் அடித்துப் பழகிய கையால் மணியை டிங் டிங் டிங் என்று மூன்று தட்டு தட்டுவார். அந்தத் தட்டு கடைக்காரர் காதுக்கே கேட்கும். சலூனுக்குப் பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். ஜோக்கரோடு நாலு மணிக்குப் போனால் கடைக்காரர் ஏழு மணிக்குத்தான் திரும்புவார்.

அவர் போன முதல் நாள், அவள் பழக்கத்தில் “கருகலா?” என்று கேட்டாள். காலி நாற்காலி என்ன சொல்லும்? பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வைத்தாள். மறுபடி கருகல். மறுபடி தூக்கினாள். நாலு சட்டை போடுகிற நேரத்தில் ஒரு சட்டை ஆயிற்று. இந்தக் கருகலும் பொய் என்று நம்பி ஒரு நிமிஷம் தாமதித்தால், அதுதான் நிஜமாக இருந்து தொலைக்குமோ என்று மறுபடி தூக்கினாள். ஏழு மணிக்கு அவர் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

“மூணு ஆட்டம் ஜெயிச்சேன்.”

“சந்தோஷம்.”

“உன் குரல்ல சந்தோஷத்தக் காணோமே.”

“உங்க காதுல விழுந்திருக்காது.”

‘போகாதீங்க, எனக்கு உங்க மூக்கு வேணும்’ என்று சொல்லியிருந்தால் அவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். அது அவளுக்கும் தெரியும். ஆனால் கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் எனக்கு இது வேணும் என்று கேட்டுப் பழகாத வாய். வாடிக்கைக்காரர்களிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசும், இந்த ஒரு வாக்கியத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்.

அடுத்த வாரம் ஒரு நாள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையின் உடுப்புகள் சாயங்காலத்துக்குள் தயாராக வேண்டும். நாலு மணி. டிங் டிங் டிங்.

“ஆளா?”

இடைவெளியில் ஜோக்கரின் மீசை தெரிந்தது. அவள் யோசிக்கவே இல்லை.

“காத்து.”

சொன்ன வேகத்தில் கையில் கிடைத்த ஹேங்கரை எடுத்துக்கொண்டு, எதையோ மாட்டப் போகிறவள்போல முன்பக்கம் போனாள்.

“அண்ணே, அவருக்கு உடம்பு சரியில்ல. மத்தியானத்துல படுக்கச் சொல்லியிருக்காங்க.”

“என்ன ஆச்சு தங்கச்சி?”

“தலை சுத்தல். மெல்லப் பேசுங்க, இப்பத்தான் கண்ணசந்தாரு.”

பஸ்காரர் பூனை மாதிரி வெளியே போனார். அவள் உள்ளே வந்தாள். தலைமையாசிரியையின் உடுப்புகள் ஐந்தரைக்கே முடிந்தன. ஒரு நாள் பொய், ஒரு நாளோடு போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஜோக்கர் நல்ல மனுஷன். அதுதான் வினை. மறுநாளும் விசாரிக்க வந்தார். நாலு மணி, மூன்று தட்டு. அதற்கு மறுநாளும். அவள் தினமும் ஒரு ஹேங்கரோடு முன்னால் போனாள். பேச்செல்லாம் கிசுகிசுப்புதான்.

“இன்னைக்கு எப்படி இருக்காரு?”

“அப்படியேதான் அண்ணே.”

“சாப்பிடறாரா?”

“கொஞ்சம்.”

மத்தியானம் அவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டது அவள் கண் முன்னால் வந்து போயிற்று.

“ஆளைத் தெரியுதா?”

“தெரியுது அண்ணே.”

“அப்ப இன்னும் காலம் இருக்கு. தைரியமா இரு” என்று ஒரு பை ஆரஞ்சுப் பழத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனார். பழத்தை அவள் போர்வைக் குவியலுக்கு அடியில் ஒளித்தாள்.

“ஜோக்கர் ஏன் ஆளையே காணோம்?” என்று அவர் இரண்டொரு முறை கேட்டார்.

“மூணு ஆட்டம் ஜெயிச்சீங்கல்ல, கோவமா இருக்கும்.”

அவர் அதை நம்பினார். நம்பியதோடு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டார். கூப்பிடாமல் போய் நிற்க அவருக்கும் மனசு வரவில்லை, அந்த முழங்காலும் விடவில்லை.

இப்படிப் பதினேழு நாள். பதினேழாம் நாள் கடை சாத்துகிற நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

“இங்க வா. இதப் பாரு.”

மடியில் நோட்டு. டாக்டரம்மா சொன்னபடி ஒரு நாள் விடாமல் குறித்து வைத்திருந்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார்.

“இந்தா, நாலு மணி, மூணு தட்டு, காத்து. அடுத்த நாள், நாலு மணி, மூணு தட்டு, காத்து. அதுக்கும் அடுத்த நாள் நாலே கால். அன்னைக்கு மழை. மழைக்கு லேட்டா வருது பாரு.”

“ம்.”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க? அதுக்குக் கடிகாரம் கிடையாதுன்னாங்க. எனக்குக் கடிகாரம் வந்துருச்சு.”

அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுத்து, மடித்த துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

“இது காது சமாசாரம் இல்ல. இனிமே காதுக்காரங்ககிட்ட போய்ப் பிரயோஜனம் இல்ல, தலைக்காரங்ககிட்டதான் போகணும்.” துவாலை ஒன்றை மடித்துக்கொண்டே, ஏதோ நாளைய வேலையைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். “நேத்து ஒவ்வொரு டோக்கனையும் ரெண்டு தடவ பாத்தேன். ஒருத்தர் துணிய இன்னொருத்தருக்குக் குத்திடுவேனோன்னு பயமா இருக்கு. நாளைக்கு ஒரு நாள் வந்து இருக்கறத முடிச்சுடறேன். அப்புறம் நான் மேலேயே இருந்துக்கறேன். நீ யாரையாவது வெச்சுக்க.”

“மேல தனியா என்ன பண்ணுவீங்க?”

“மணி அடிச்சாக் கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய பழைய குறும்பு எதுவும் இல்லை. மடித்த துவாலையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒரு துவாலையை இரண்டு தடவை மடித்து அவள் பார்த்ததில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். “காபி போடட்டுமா?” என்றுதான் வந்தது.

பதினெட்டாம் நாள் அவர் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். கடைசி நாள் என்பதால் சவரம்கூடச் செய்திருந்தார். மூன்றே முக்காலிலிருந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார். அவளும்தான்.

நாலு மணி. டிங் டிங் டிங்.

அவர் அசையவில்லை. பென்சிலை எடுத்தார். அதற்குள் இன்னும் இரண்டு டிங். பிறகு ஒன்று. பிறகு யாரோ அவசரக்காரர் அடிக்கிற மாதிரி டிங் டிங் டிங் டிங்.

அவள் இடைவெளியில் பார்த்தாள். ஜோக்கர் நின்றார். பக்கத்தில் தோளில் துண்டோடு சலூன்காரர், அவருக்குப் பின்னால் நெட்டை என்று கூப்பிடப்படும் மின்சாரக்காரர், ஓரத்தில் பழைய தபால்காரர். சீட்டாட்டக் கோஷ்டி மொத்தமும் தலையைச் சீவிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற முகத்தோடு வந்திருந்தது. உள்ளிருந்து யாரும் வராததால் ஆளுக்கு ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆளா?” என்றார் அவர். அவள் வாய் திறக்குமுன் கையை உயர்த்தினார். “வேணாம், சொல்லாத. எனக்கே தெரியுது. இன்னைக்கு ரொம்ப முத்திருச்சு. பத்து தடவ அடிச்சிருச்சு.”

நோட்டைப் பிரித்தார். எழுத வந்த வரியில் எண் விழவில்லை, கோடுதான் விழுந்தது.

இப்போதும் “காத்து” என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஹேங்கரை எடுத்துக்கொண்டு போய் நாலு பேரையும் அனுப்பிவிடலாம். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ஆளு” என்றாள்.

“என்ன?”

“ஆளுதான். ஜோக்கர் அண்ணன், சலூன்காரர், நெட்டை, தபால்காரர். நாலு பேரு.”

“எனக்காகச் சொல்லாத.”

“உங்களுக்காக இல்லீங்க, நிஜமாத்தான்.”

“எனக்கு ஆறுதலெல்லாம் வேணாம். இத்தன நாள் உள்ளதத்தான சொன்ன, கடைசி நாள்ல வந்து மாத்தாத.”

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. போய்த் திரையை ஒரே இழுப்பில் கோடி வரைக்கும் தள்ளினாள்.

நாலு பேரும் உள்ளே பார்த்தார்கள். அவர் வெளியே பார்த்தார்.

“எந்திரிக்காத, எந்திரிக்காத” என்று ஜோக்கர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். “படுத்திருக்க வேண்டியவன எதுக்கு தங்கச்சி உக்கார வெச்ச?”

“முகமே மாறிப்போச்சு” என்றார் தபால்காரர்.

“சவரம் பண்ணியிருக்காரு, அவ்வளவுதான். அதுவும் சுமாராப் பண்ணியிருக்காரு” என்றார் சலூன்காரர்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றார் அவர்.

நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவரும் பார்த்தார்.

“பதினெட்டு நாளும் அடிச்சது ஜோக்கர் அண்ணன்தான்” என்றாள். “நாலு மணி, மூணு தட்டு. மழையன்னைக்கு லேட்டா வந்ததும் அவருதான். நான்தான் காத்துன்னு சொன்னேன். அவருகிட்டப் போய் உங்களுக்குத் தலை சுத்தல்னும் சொன்னேன்.”

அவர் நோட்டை எடுத்தார். முதல் நாள் வரியிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“அப்ப எனக்குக் கடிகாரம் வரல?”

“வரல.”

“இன்னொரு தடவ அடி” என்றார் ஜோக்கரிடம். ஜோக்கர் போய் மூன்று தட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இதேதான். எவ்வளவு நல்லா கேட்டிருக்கு எனக்கு.” முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. ஒரு சட்டைக்கு இஸ்திரி போடுகிற நேரம் அந்தச் சிரிப்பு இருந்திருக்கும். பிறகு அது மெல்ல இறங்கிற்று.

“ஏன்?” என்றார் அவளிடம்.

நாலு ஆம்பிளைகள் சுற்றி நிற்கிறார்கள். ஆனால் இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

“நீங்க போயிட்டா எனக்கு மூக்கு இல்ல.”

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சலூன்காரர் அவள் மூக்கை உற்றுப் பார்த்தார். அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

“அத சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.”

அவர் நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். எழுந்து செருப்பை மாட்டினார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

“பெட்டிய அணைச்சுட்டு உக்காரு. நான் வந்தப்புறம் போட்டுக்கலாம்.”

ஏழு மணிக்கு வருகிறவர் அன்று ஐந்தரைக்கே வந்துவிட்டார். போர்வைக்கு அடியிலிருந்த ஆரஞ்சுப் பழங்களை அவள் எடுத்து வைத்தாள். இரண்டு அழுகியிருந்தன. மிச்சத்தை அவர் உரித்துப் பாதியை அவள் பக்கம் தள்ளினார். பேசி முடிவாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் சீட்டு; அந்த இரண்டு நாளும் சாயங்காலம் இஸ்திரி கிடையாது. சண்டை என்று ஒன்று நடக்கவேயில்லை. அவள் அதற்குத் தயாராக வைத்திருந்த நாலைந்து பதில்கள் வீணாகப் போயின.

ஆனால் மறுநாளிலிருந்து அவர் “ஆளா?” என்று கேட்கவில்லை.

மணி கேட்டதும் எழுந்துவிடுவார். நாற்காலி முனகும், வலது கால் இழுபடும், திரை விலகும். ஆள் இருந்தால் பேச்சுக்குரல். இல்லையென்றால் ஒரு பெருமூச்சு, மறுபடி வலது கால், மறுபடி நாற்காலி. ஒரு நாளைக்கு இருபது தடவை.

“காத்துதாங்க” என்று அவள் கேட்காமலே சொல்லிப் பார்த்தாள்.

“கேட்டுச்சு” என்பார். சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்துத்தான் வருவார்.

அவள் கருகலா என்று கேட்டால் மட்டும் அவர் பதிலில் குறையே இல்லை. முன்னெல்லாம் நாற்காலியில் இருந்தபடியே மோந்து சொல்வார். இப்போது எழுந்து வந்து, மேசைமேல் குனிந்து, துணிக்கு மேலே மூக்கை வைத்து இரண்டு இழுப்பு இழுத்து, “காத்து” என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

“ஒரு தடவ நீங்களும் பொய் சொல்லிடுங்களேன். சரிக்குச் சரியாப் போயிடும்.”

“துணி உன்னோடதா?”

“இல்ல.”

“அப்ப அது என்ன பாவம் பண்ணுச்சு?”

இப்படியே ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில் ஒரு லாட்ஜிலிருந்து இரட்டைக் கட்டில் விரிப்புகள் வந்திருந்தன, முப்பத்திரண்டு. இஸ்திரி போட்டு முடித்ததும் மடிக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை. இந்தக் கோடியில் அவள் இரண்டு முனை, அந்தக் கோடியில் அவர் இரண்டு முனை. நடுவில் வெள்ளை விரிப்பு தொட்டில் மாதிரித் தொங்கியது. தரையில் பட்டால் மறுபடி வெளுக்கணும். பதினோராவது விரிப்பைப் பிடித்திருந்தபோது அவர் தலை சட்டென்று திரும்பியது.

திரைப் பக்கம் பார்த்தார். கையிலிருந்த முனைகளைப் பார்த்தார். எங்காவது வைக்கலாமா என்று அக்கம்பக்கம் பார்த்தார். அவள் காதில் மணி எதுவும் விழவில்லை. ஆனால் தானாகச் சொல்வதில்லை என்று நாலு நாளுக்கு முன்பே முடிவு செய்திருந்தாள்.

அவர் காதில் இரண்டாம் முறை மணி அடித்தபோது திரைப் பக்கம் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“ஆளா?” என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

அவளுக்கு முதுகுப் பக்கம்தான் திரை. “இருங்க” என்று சொல்லி, முனைகளை விடாமல் இடுப்பை ஒடித்துத் திரும்பி, இடைவெளியில் நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். கவுன்டர் காலியாக இருந்தது. மணிமேல் தெருவின் வெளிச்சம் விழுந்திருந்தது. வாசற்படியிலும் யாருமில்லை. இதற்குள் ஒரு மனுஷர் வந்து போயிருக்கவும் வழியில்லை.

அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வேறு சொல்லும் இல்லை.

“காத்து” என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். விரிப்பின் நடு லேசாகத் தரையை நோக்கி இறங்கியது.

“உன் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடி” என்றார்.

அவள் தூக்கிப் பிடித்தாள். அவர் தன் முனைகளை ஒன்றுசேர்த்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அவளை நோக்கி நடந்து வந்தார்.